பிளாஸ்டிக் டப்பாவில் சூடான சாப்பாடு: எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம்?

யாழினி

வணக்கம். கொஞ்ச நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. எங்கள் சமையலறையில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக்தான். மிச்சமானதை எடுத்து வைக்க, அலுவலகத்துக்குக் கொண்டு போக, அங்கே மைக்ரோவேவில் சூடு பண்ண, இப்போது குழந்தைக்குப் பால் கலக்க என்று எல்லாவற்றுக்கும் அதுவே. ஒரு பக்கம் உறவினர்கள் அனுப்பும் செய்திகள் பிளாஸ்டிக்கில் சாப்பிட்டாலே புற்றுநோய் என்கின்றன. இன்னொரு பக்கம் டப்பாவின் அடியிலேயே "பிபிஏ இல்லாதது", "மைக்ரோவேவுக்கு ஏற்றது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். யாரை நம்புவது?

டப்பாவிலிருந்து உணவுக்குள் உண்மையிலேயே ஏதாவது இறங்குகிறதா? இறங்கினால் எது, எப்போது? எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டுமா, சிலதை மட்டும் மாற்றினால் போதுமா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மாறன்

யாழினி, உணவு பேக்கேஜிங் பொருட்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை. முதல் கேள்விக்கு நேரான பதில்: இறங்குகிறது. எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் ஏதோ ஒரு அளவு இறங்கும்.

பிளாஸ்டிக் என்பது நீளமான சங்கிலி மூலக்கூறுகள். அந்தச் சங்கிலிகள் பெரியவை, இருந்த இடத்தை விட்டு நகராது. ஆனால் அவற்றுக்கிடையே சின்னச் சின்ன மூலக்கூறுகள் நிறைய இருக்கும். தயாரிப்பின்போது வினைபுரியாமல் மிஞ்சியவை, வளைந்து கொடுப்பதற்காகச் சேர்த்தவை, வெயிலிலும் சூட்டிலும் கெடாமல் இருக்கச் சேர்த்தவை, நிறமிகள், அப்புறம் யாரும் சேர்க்காமல் தானாகவே உருவான சிதைவுப் பொருட்கள். கயிற்றுச் சிக்கலுக்குள் மாட்டிய மணலைப் போல இவை உள்ளே கிடக்கின்றன. சந்தர்ப்பம் கிடைத்தால் வெளியே வரும். எங்கள் துறையில் இதை மைக்ரேஷன் என்போம்.

சோதனையை இப்படித்தான் செய்கிறோம். டப்பாவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, உணவுக்குப் பதிலாக வைத்திருக்கும் திரவத்தில் ஊற வைப்போம். புளிப்பான உணவுக்கு 3 சதவீத அசிட்டிக் அமிலம், பால் போன்றவற்றுக்கு எத்தனால் கலந்த நீர், கொழுப்புள்ள உணவுக்குத் தாவர எண்ணெய். அறை வெப்பத்தில் நீண்ட நாள் வைத்திருக்கும் டப்பா என்றால் 40 டிகிரியில் 10 நாள். ஐரோப்பிய விதிப்படி, மொத்தமாக இறங்குவது ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இது போகப் பல வேதிப்பொருட்களுக்குத் தனி வரம்பு உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இதைவிடப் பல மடங்கு குறைவு.

ஆய்வக மேசையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றைத்தான். அதே டப்பா, அதே நேரம். குளிர்ந்த நீரில் கருவி கண்டுபிடிக்கத் திணறும் அளவு. சூடான எண்ணெயில் வரைபடத்தில் முகடு முகடாக எழும். ஆகவே "எந்த டப்பா?" என்ற கேள்வியைவிட "அதில் என்ன வைக்கிறீர்கள், எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம்?" என்ற கேள்விதான் முக்கியம்.

"மைக்ரோவேவுக்கு ஏற்றது" என்ற அச்சு டப்பா உருகாது, வளையாது, வெடிக்காது என்பதற்கான உறுதி. உள்ளிருந்து எதுவுமே வராது என்று அதற்குப் பொருள் இல்லை.

தமிழ்வாணி

மாறன் அண்ணா, டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கிறதே, அதைப் பார்த்து முடிவு பண்ணலாம் என்கிறார்களே?

மாறன்

ஓரளவுக்கு. அந்த எண்கள் 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் மறுசுழற்சிக்காகக் கொண்டு வந்தவை. குப்பையைப் பிரிப்பவருக்கு இது என்ன பிளாஸ்டிக் என்று சொல்லத்தான் அந்த எண். பாதுகாப்பு மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இருந்தாலும் என்ன பொருள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1 பெட் (தண்ணீர் பாட்டில்). 2-ம் 4-ம் பாலிஎத்திலீன். 5 பாலிபுரொப்பிலீன், உணவு டப்பாக்களில் பெரும்பாலும் இதுதான். சுமார் 160 டிகிரி வரை உருகாது என்பதால் சூட்டை ஓரளவு தாங்கும். 3 பிவிசி, மென்மையாக்க நிறைய பிளாஸ்டிசைசர் சேர்த்திருப்பார்கள், சாப்பாட்டுப் பக்கமே வேண்டாம். 6 பாலிஸ்டைரீன், தெர்மோகோல் கப் இந்த வகை. அதில் மிஞ்சும் ஸ்டைரீனைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் வைத்தது. சூடான எதையும் அதில் ஊற்றாதீர்கள். 7 என்பது "மற்றவை". எது வேண்டுமானாலும் இருக்கலாம், கண்ணாடி போலத் தெளிவான, கெட்டியான பிளாஸ்டிக்கான பழைய பாலிகார்பனேட்டும் இதில்தான் வரும்.

நெடுஞ்செழியன்

தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தால் டயாக்சின் வரும் என்று பல வருடமாக ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறதே. அதையும் தீர்த்து வைத்துவிடுங்கள்.

மாறன்

பொய். டயாக்சின் உருவாகக் குளோரின் வேண்டும், எரியும் அளவுக்குச் சூடும் வேண்டும். பெட் பாட்டிலில் குளோரினும் இல்லை, ஃப்ரீசரில் சூடும் இல்லை. குளிர் மூலக்கூறுகளின் ஓட்டத்தைக் குறைக்கத்தான் செய்யும். அந்தச் செய்தியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பெயரில் பரப்பினார்கள். அது தங்களிடமிருந்து வந்ததல்ல என்று அந்தப் பல்கலைக்கழகமே மறுத்துவிட்டது.

கார்குழலி

எனக்கு உயிரியல் பின்னணி. நாளமில்லாச் சுரப்பிகள் பற்றிய ஆய்வில் இருந்தவள். பிபிஏ பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன்.

பிஸ்ஃபீனால் ஏ என்னும் பிபிஏ பாலிகார்பனேட் செய்யும் மூலப்பொருள். டின் உணவின் உட்பூச்சான எபாக்சியிலும் அதுதான். பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல அது உடலில் வேலை செய்யும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த சேதி அல்ல. 1936-லேயே இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸ் இதை எலிகளில் சோதித்துச் சொல்லிவிட்டார். அவர் அப்போது தேடிக்கொண்டிருந்தது செயற்கை ஈஸ்ட்ரோஜன் மருந்து. இதைவிட வலுவான இன்னொன்று கிடைத்ததால் பிபிஏ மருந்தாகவில்லை. இருபது வருடம் கழித்து அதே பொருள் பிளாஸ்டிக் தொழிலுக்குள் வந்தது.

உணவுக்குள் இறங்கும் என்பதும் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஈஸ்ட் செல்கள் ஈஸ்ட்ரோஜன் சுரக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்த ஹார்மோன் ஈஸ்ட்டிலிருந்து வரவில்லை, நீராவியில் கிருமி நீக்கம் செய்த பாலிகார்பனேட் குடுவையிலிருந்து வந்தது என்று 1993-இல் எழுதினார்கள். 1998-இல் பட்ரீசியா ஹன்ட் என்ற ஆய்வாளரின் கூடத்தில் எலிகளின் கருமுட்டைகளில் திடீரென்று குரோமோசோம் கோளாறுகள் கூடின. தேடிப் பார்த்தால், கூண்டுகளைத் தவறான சோப்பால் கழுவியிருந்தார்கள். காரத்தில் பாலிகார்பனேட் அரிந்து பிபிஏ கசிந்திருந்தது. 2003-இல் அதை வெளியிட்டார்.

இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது, உள்ளே மிஞ்சியிருந்த பிபிஏ மட்டும் வெளியே வரவில்லை. சூடும் நீரும் காரமும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கின் சங்கிலியே உடைந்து புதிதாகப் பிபிஏ உண்டாகிறது. ஆகவே "பழைய பாட்டிலில் இருந்ததெல்லாம் இந்நேரம் கரைந்து போயிருக்கும்" என்று ஆறுதல் கொள்ள முடியாது. 2008-இல் வந்த ஓர் ஆய்வில் பாலிகார்பனேட் பாட்டிலில் கொதிநீர் ஊற்றியபோது பிபிஏ வெளிவரும் வேகம் 15 முதல் 55 மடங்கு வரை கூடியது.

செழியன்

எல்லாம் சரி. ஆனால் அளவு என்ற ஒன்றை யாரும் பேசவில்லையே. இறங்குவது நானோகிராம் கணக்கில். பிபிஏவை உடல் சில மணி நேரத்தில் மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் தற்போதைய அளவுகளில் ஆபத்தில்லை என்கிறது. நான் பயத்துக்கு எதிரி இல்லை, ஆனால் காரணமில்லாத பயம் ஏற்கெனவே அல்லாடும் தாய்மார்களின் தலையில்தான் விழுகிறது. குழந்தைக்குப் பால் கலக்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சி வர வேண்டுமா?

கார்குழலி

செழியன், குற்ற உணர்ச்சி பற்றி நீங்கள் சொல்வதை நான் முழுசாக ஏற்கிறேன். அளவு பற்றி மட்டும் சில விஷயங்கள்.

உடல் சீக்கிரம் வெளியேற்றுகிறது, உண்மை. ஆனால் 2003-04-இல் அமெரிக்காவில் 6 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்த சிறுநீர் மாதிரிகளில் 93 சதவீதத்தில் பிபிஏ இருந்தது. சில மணி நேரத்தில் வெளியேறும் பொருள் கிட்டத்தட்ட எல்லாரிடமும் எப்போது சோதித்தாலும் இருக்கிறதென்றால், தினம் தினம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது என்றுதான் பொருள்.

எவ்வளவு பாதுகாப்பு என்பதில் அறிவியலாளர்களே ஒத்துப்போகவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்றது. 2023-இல் அதையே 0.2 நானோகிராமாக இறக்கியது. 20,000 மடங்கு குறைப்பு! எலிகளின் நோய் எதிர்ப்புச் செல்களில் தெரிந்த மாற்றம்தான் அதற்கு அடிப்படை. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 200 நானோகிராம் என்று தனியாகச் சொன்னது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முதல் கணக்கில் நாளுக்கு 12 நானோகிராம், இரண்டாவதில் 12,000. ஆயிரம் மடங்கு இடைவெளி. ஆனால் ஜெர்மனி சொன்னதுகூட 2015-இன் வரம்பைவிட 20 மடங்கு குறைவு. சண்டை "எவ்வளவு குறைக்க வேண்டும்" என்பதில்தான்.

2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவுடன் தொடர்புள்ள பொருட்களில் பிபிஏவைத் தடை செய்தது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, தொழிலுக்கு மாற அவகாசம் கொடுத்தார்கள். பால் பாட்டில்களில் ஐரோப்பா 2011-லேயே, அமெரிக்கா 2012-இல் நிறுத்திவிட்டன.

செழியன்

> ஜெர்மனி சொன்னதுகூட 2015-இன் வரம்பைவிட 20 மடங்கு குறைவு.

இது நியாயமான பதில். எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது: தனி மனிதர் பழக்கத்தை மாற்றினால் உடலில் ஏதாவது தெரிகிறதா? தெரியாவிட்டால் இந்தப் பாடெல்லாம் எதற்கு?

கார்குழலி

தெரிகிறது, அதுவும் வேகமாக. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு. சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் 5 குடும்பங்கள், 20 பேர். மூன்று நாள் டின்னும் பிளாஸ்டிக்கும் தொடாத புது உணவு கொடுத்தார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் டிஇஎச்பி என்ற தாலேட்டின் எச்சங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் மறுபடி ஏறின.

எதிர்த் திசையிலும் சோதித்திருக்கிறார்கள். ஹார்வர்டில் 77 மாணவர்கள் ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டிலில் குளிர்ந்த பானம் மட்டும் குடித்தார்கள். சிறுநீரில் பிபிஏ மூன்றில் இரண்டு பங்கு கூடியது. டின் சூப்பை 5 நாள் தினமும் ஒரு கப் குடித்த 75 பேரிடம் ஆயிரம் சதவீதத்துக்கு மேல் ஏறியது. டப்பாவைவிட டின் பெரிய வாசல் என்பது இதில் தெரிகிறது. எல்லாரும் டப்பாவையே பார்த்துக்கொண்டு டின்னை மறந்துவிடுகிறோம்.

இத்தனையும் உடலுக்குள் எவ்வளவு போகிறது என்ற கணக்கு. அதனால் இன்னாருக்கு இன்ன நோய் வந்தது என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை.

வானதி

அப்போது "பிபிஏ இல்லாதது" என்று போட்டிருப்பதை வாங்கினால் பிரச்சினை முடிந்ததா?

கார்குழலி

முடியாது வானதி. பிபிஏவை எடுத்த இடத்தில் பல தயாரிப்பாளர்கள் பிபிஎஸ், பிபிஎஃப் என்று அதன் ஒன்றுவிட்ட சகோதரங்களைப் போட்டார்கள். மூலக்கூறின் அமைப்பு அதே குடும்பம். செல்களில் வைத்துப் பார்த்தால் ஹார்மோன் வேலையும் அதே மாதிரி. "இது இல்லை" என்று எழுதியவர் "இதற்குப் பதில் எது" என்று எழுதுவதில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இது. ஒரு பொருளைத் தடுக்கப் பல வருடம் ஆதாரம் சேர்க்கிறோம். அதற்குள் அடுத்தது சந்தைக்கு வந்துவிடுகிறது. ஐரோப்பாவின் புதிய தடை மற்ற ஆபத்தான பிஸ்ஃபீனால்களையும் சேர்த்துப் பிடிப்பது எனக்கு நிம்மதி தருவது அதனால்தான்.

பாலிபுரொப்பிலீன் டப்பா செய்யப் பிபிஏ எப்போதுமே தேவைப்பட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் அந்த வாசகத்தைப் போடுவது விளம்பரத்துக்கு.

யாழினி

அக்கா, அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு நன்றி. குழந்தையின் பால் பாட்டில் பாலிபுரொப்பிலீன் என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியென்றால் கவலை இல்லையா? கொதிநீர் ஊற்றித்தான் மாவு கலக்கிறேன்.

மலர்க்கொடி

நான் பச்சிளங் குழந்தைகள் பிரிவில் செவிலியர், அதனால் இதில் குறுக்கிடுகிறேன். முதலில் ஒன்று: தண்ணீரின் சூட்டைக் குறைத்துவிடாதே யாழினி. பால் மாவு கிருமி இல்லாத பொருள் அல்ல. அதில் இருக்கக்கூடிய குரோனோபேக்டர் என்ற கிருமி பச்சிளங் குழந்தைக்கு உயிராபத்து. அதைக் கொல்ல 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிளாஸ்டிக் பயத்தில் வெதுவெதுப்பான நீரில் கலப்பது சின்ன ஆபத்தைத் தவிர்க்கப் பெரிய ஆபத்தை இழுத்துக்கொள்வது.

பாட்டிலைப் பற்றி: 2020-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பாலிபுரொப்பிலீன் பால் பாட்டில்களைச் சோதித்தார்கள். வழக்கமான முறையில் சூடுநீரில் கலந்தபோது லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் வந்தன. சூடு கூடக் கூடத் துகளும் கூடியது. இவை குழந்தைக்கு என்ன செய்யும் என்ற கேள்விக்கு அந்த ஆய்வு போகவில்லை. ஆனால் குறைக்கும் வழியை அவர்களே சொன்னார்கள், அது எளிது.

கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் சூடான நீரில் மாவைக் கலந்துகொள். நன்றாக ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்று. பாட்டிலைக் கிருமி நீக்கம் செய்த பின், கொதிக்க வைத்து ஆற வைத்த நீரால் மூன்று முறையாவது அலசு. கலந்த பாலை பாட்டிலோடு மைக்ரோவேவில் வைக்காதே. சூடு ஒரே சீராகப் பரவாமல் குழந்தையின் வாய் வெந்துபோகும் என்பது தனிக் காரணம். சூடான பால் உள்ளே இருக்கும்போது பாட்டிலைப் பலமாகக் குலுக்க வேண்டாம். கண்ணாடிப் பால் பாட்டில் கிடைத்தால் இன்னும் வேலை மிச்சம்.

இதைச் செய்தால் போதும் அம்மா. இதுவரை கொடுத்ததை நினைத்து வருந்தாதே.

நெடுஞ்செழியன்

நுண்பிளாஸ்டிக் என்றதும் நினைவு வருகிறது. இதய ரத்தக் குழாயில் பிளாஸ்டிக் என்று 2024-இல் பெரிய பேச்சாக இருந்ததே?

மலர்க்கொடி

கழுத்து ரத்தக் குழாய். அடைப்பை அறுத்து எடுத்த 257 நோயாளிகளைச் சுமார் 34 மாதம் கவனித்தார்கள். 150 பேரின் அடைப்பில் பாலிஎத்திலீன் இருந்தது. பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை சேர்ந்த ஆபத்து இல்லாதவர்களைவிடச் சுமார் நாலரை மடங்கு. கேட்கவே பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதுதான் முடிவு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று எழுதியவர்களே சொல்லவில்லை. உணவு டப்பாவிலிருந்து வந்தது என்பதற்கும் அதில் ஆதாரம் இல்லை, காற்றிலும் நீரிலும் இதெல்லாம் கலந்திருக்கிறது. எங்கள் நோயாளிகள் கேட்டால் இவ்வளவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தமிழ்வாணி

கறுப்புப் பிளாஸ்டிக் கரண்டி, பார்சல் டப்பா பற்றியும் யாராவது சொல்லுங்கள். ஒரு நாள் தூக்கிப் போடச் சொன்னார்கள், அடுத்த மாதம் கணக்குத் தப்பு என்றார்கள்.

மாறன்

இரண்டும் உண்மை. பழைய மின்னணுப் பொருட்களின் உறைகளில் தீப்பிடிக்காமல் இருக்கச் சில வேதிப்பொருட்களைச் சேர்ப்பார்கள். அந்தக் குப்பை மறுசுழற்சியில் கலந்து கறுப்புக் கரண்டியாக வந்து நிற்கிறது. 2024-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒன்றை ஒருவர் நாளுக்குச் சுமார் 34,700 நானோகிராம் உட்கொள்ளக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். வரம்பு எவ்வளவு என்று கணக்குப் போட்ட இடத்தில்தான் சறுக்கல். உடல் எடை கிலோவுக்கு நாளுக்கு 7,000 நானோகிராம், எடை 60 கிலோ. பெருக்கினால் 4,20,000 வர வேண்டும். 42,000 என்று எழுதிவிட்டார்கள். அதனால் வரம்பை நெருங்கிவிட்டது போலத் தெரிந்தது. உண்மையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. திருத்தமும் வெளியிட்டார்கள்.

என் கருத்து: பதறிக்கொண்டு தூக்கிப் போடத் தேவையில்லை. ஆனால் மின்னணுக் குப்பையிலிருந்து வந்த பொருள் அடுப்பில் கொதிக்கும் எண்ணெய்க்குள் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கரண்டிக்கு மரமும் எவர்சில்வரும் எப்போதும் இருக்கின்றன.

வானதி

மெலமைன் தட்டு? பீங்கான் மாதிரியே இருக்கும், கீழே விழுந்தாலும் உடையாது என்று நிறைய பேர் வீட்டில் இருக்கிறது.

மாறன்

அது மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிளாஸ்டிக். ஆறிய உணவுக்கு வைத்துக்கொள்ளலாம். தைவானில் சூடான நூடுல்ஸ் சூப்பை மெலமைன் கிண்ணத்தில் குடித்தவர்களையும் பீங்கானில் குடித்தவர்களையும் ஒப்பிட்டார்கள், 2013-இல் வந்தது. மெலமைன் கிண்ணத்தில் குடித்தவர்களின் சிறுநீரில் மெலமைன் பல மடங்கு அதிகம். சூடானது, புளிப்பானது வேண்டாம். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது.

இளவேனில்

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வீட்டில் எதை முதலில் மாற்றினோம் என்று சொல்கிறேன், யாழினிக்கு உதவலாம்.

மைக்ரோவேவில் போகும் டப்பாக்களைத்தான் முதலில் வெளியே எடுத்தோம். அவற்றில் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எங்கள் டப்பா ஒன்றில், எண்ணெய் மிதந்து நின்ற மட்டத்தில் உட்புறம் சுற்றிலும் ஒரு வளையம் இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் கறை. விரலால் தடவினால் அந்தக் கோட்டில் மட்டும் சொரசொரவென்று குழி குழியாக இருக்கும். அதற்கு மேலும் கீழும் வழவழப்பு. எத்தனை முறை தேய்த்தாலும் மூடியைத் திறந்ததும் பழைய எண்ணெய் வாடை. அது ஏன் என்று மாறன் சொன்னால் நன்றாக இருக்கும்.

அந்த டப்பாக்களை இப்போது உலர்ந்த பொருட்கள் போட்டு வைக்கப் பயன்படுத்துகிறோம். அலுவலகத்துக்குக் கண்ணாடி டப்பா ஒன்றே ஒன்று. கனம்தான், ஆனால் அங்கேயே வைத்துச் சூடாக்கலாம். மற்றபடி எதையும் எறியவில்லை.

மாறன்

இளவேனில், நீங்கள் பார்த்த வளையம் இந்த இழையில் பேசியது அத்தனையையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. நீர் 100 டிகிரியில் ஆவியாகிவிடும், அதனால் நீர் உள்ள பகுதி அதைத் தாண்டாது. எண்ணெய்க்கு அந்தத் தடை இல்லை. மேலே மிதக்கும் எண்ணெய், அதில் ஒட்டிய சர்க்கரை, ஓரத்தில் காய்ந்த உணவு எல்லாம் அந்தக் கோட்டில் மிக அதிகமாகச் சூடாகிப் பிளாஸ்டிக்கை உருக்கிவிடுகின்றன. தக்காளியின் நிறமி கொழுப்பில் கரைவது, இளகிய பிளாஸ்டிக்குக்குள் எண்ணெயோடு புகுந்து நின்றுவிடுகிறது. வாடையும் அப்படித்தான். உணவிலிருந்து பிளாஸ்டிக்குக்குள் ஒன்று நுழைய வழி இருக்கிறதென்றால், அதே வழியில் எதிர்த் திசையிலும் வர முடியும்.

ஆக, குழி விழுந்தது, வெளுத்தது, பிசுபிசுப்பானது, வாடை போகாதது எதுவாக இருந்தாலும் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் இனி வேண்டாம்.

செழியன்

இந்த வரிசை எனக்கும் சரியாகப் படுகிறது. சூடான, எண்ணெயுள்ள உணவை முதலில் பிளாஸ்டிக்கிலிருந்து எடுப்பது. ஆறியதையும் உலர்ந்ததையும் பற்றி அலட்டிக்கொள்ளாமல் இருப்பது. காகிதக் கிண்ணம் என்றால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடான பானத்துக்கான காகிதக் கப்பின் உள்ளே பாலிஎத்திலீன் பூச்சு இருக்கிறது. எண்ணெய் ஊறாத காகித உறைகளில் பல வருடம் பிஃபாஸ் எனப்படும், எளிதில் அழியாத ஃபுளோரின் சேர்மங்களைப் பூசினார்கள். எண்ணெய் தடுக்கும் அந்த வகைகள் அமெரிக்கச் சந்தையில் உணவு உறைகளுக்கு இனி விற்கப்படுவதில்லை என்று அங்குள்ள நிர்வாகம் 2024 பிப்ரவரியில்தான் அறிவித்தது.

தமிழ்வாணி

வெயிலில் நிற்கும் காரில் கிடந்த தண்ணீர் பாட்டிலைக் குடிக்கலாமா? இது ஒன்று மட்டும் மிச்சம்.

மாறன்

பெட் தயாரிக்க ஆன்டிமனி என்ற தனிமத்தின் சேர்மத்தை வினையூக்கியாகப் போடுவார்கள். ஆன்டிமனி மெதுவாக நீரில் இறங்கும், சூட்டில் வேகமாக. அமெரிக்கக் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 6 மைக்ரோகிராமைத் தாண்ட எத்தனை நாள் ஆகும் என்று 2008-இல் அளந்தார்கள்: 60 டிகிரியில் 176 நாள், 75 டிகிரியில் 4.7 நாள், 85 டிகிரியில் 1.3 நாள். காரில் ஒரு மதியம் கிடந்ததால் வரம்பு தாண்டாது. மாதக்கணக்கில் வெயிலில் அடுக்கி வைத்த பாட்டில்தான் கேள்விக்குரியது. அதில் கொதிநீர் ஊற்றிப் பயன்படுத்துவதும் வேண்டாம். சுமார் 70 டிகிரியிலேயே பெட் இளகிச் சுருங்கத் தொடங்கும்.

யாழினி

நான் செய்யப் போவதை எழுதுகிறேன், விட்டுப் போயிருந்தால் சொல்லுங்கள். குழந்தைக்குப் பால் எவர்சில்வர் பாத்திரத்தில், 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலந்து, ஆற வைத்துப் பாட்டிலில் ஊற்றுவது. அலுவலகத்துக்குக் கண்ணாடி டப்பா. மிச்சமானது ஆறிய பிறகுதான் பிளாஸ்டிக்குக்குள். டின் உணவைக் குறைப்பது. குழி விழுந்த டப்பாக்கள் உலர்ந்த பொருளுக்கு. ஒரு சந்தேகம்: கண்ணாடி டப்பாவுக்கும் மூடி பிளாஸ்டிக்தானே? அதையும் மாற்ற வேண்டுமா?

மாறன்

மாற்ற வேண்டாம். மைக்ரோவேவில் வைக்கும்போது அந்த மூடியை எடுத்துவிட்டு ஒரு பீங்கான் தட்டால் மூடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கும்போது விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், உணவு மூடியில் படாது. சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் பெரும்பாலும் சிலிகோன். வாரத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவிக் காய வைத்து மாட்டுங்கள், அதன் இடுக்கில் பூஞ்சை பிடிப்பதுதான் அங்கே பெரிய தொல்லை.